ஓடைக்கரையில் பதினைந்தடி

தங்கமாரிக்கு நாற்பத்தாறு வயது. ஓட்டுப் போடும் நாளைத் தவிர ஊராட்சி அலுவலகப் பக்கம் அவள் போனதேயில்லை. கிராமசபை காலை பதினொரு மணிக்குக் கூடும். அந்நேரம் அவள் எழுபது ஆடுகளோடு கரிசல் காட்டில் நிற்பாள்.

காந்தி ஜெயந்திக்கு நாலு நாள் முன்னால், வார்டு மெம்பர் முத்துசெல்வி ஆட்டுக்கிடைக்கே தேடி வந்துவிட்டாள்.

"மதினி, ஓடைப் புறம்போக்குல மரக்கன்னு வச்சு, சுத்தி வேலி போடப்போறாவ. காந்தி ஜெயந்தி சபையில தீர்மானம் வருது. ஆடு மேய்க்கிற ஆளுக யாரும் வரலன்னா, எல்லாருக்கும் சம்மதம்னுதான் எழுதுவாவ."

ஐப்பசியில் உளுந்து விதைத்துவிட்டால் புஞ்சைக்குள் ஆடு கால்வைக்க முடியாது. ஊருணித் தண்ணீருக்குப் போக அந்த ஓடைக்கரை ஒன்றுதான் வழி.

"நான் வந்தா ஆட்டை யாரு பாக்குது? எனக்குப் பேசவும் தெரியாதே."

"எங்கிட்ட இப்பப் பேசுதீங்கல்லா, அதே மாதிரி பேசுங்க."

அன்று சாயங்காலமே ஆடு வைத்திருக்கும் ஆறு குடும்பமும் கூடிப் பேசியது. மூன்று பெண்கள் சபைக்குப் போவது, அவர்களுடைய ஆடுகளையும் இன்னொரு ஆட்டுக்காரரான மாடக்கண்ணு தன் மந்தையோடு சேர்த்து ஓட்டிப்போவது என்று முடிவாயிற்று.

சபையில் தலைவர் சாமித்துரை தீர்மானத்தை வாசித்துவிட்டு, "எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்றார்.

தங்கமாரி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். முன்னால் உட்கார்ந்திருந்த சங்கரபாண்டி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன், ஆட்டுக்கும் ஓட்டு குடுத்துட்டாவளா?"

அந்தச் சிரிப்பில் அவளுக்கு ரோஷம் வந்தது. கூடவே குரலும் வந்தது.

"ஆட்டுக்கு இல்ல அண்ணாச்சி, எனக்கு இருக்கு. மரம் வேண்டாம்னு நான் சொல்லல. வெயில்ல நிக்கது நாங்கதான், நிழல் எங்களுக்கும் வேணும். ஆனா பாதைய அடைச்சா ஆடு உங்க உளுந்துலதான் எறங்கும். தெனமும் நீங்களும் நானும் சண்டை போடணும்."

ஓடையை ஒட்டி மூன்று ஏக்கர் வைத்திருந்த சங்கரபாண்டி அதற்கப்புறம் சிரிக்கவில்லை. "அவ சொல்லுதது நெசந்தான்" என்று முணுமுணுத்தார்.

"எத்தனை அடி விடணும் தாயி?" என்று கேட்டார் தலைவர். இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"ரெண்டு மந்தை எதிரும் புதிருமா வந்தா ஒதுங்கணும். இருவதடி விடுங்க."

பேசிப் பேசிப் பதினைந்தடியில் நின்றது. ஆடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டதற்கு மட்டும், "அடுத்த சபையில பாப்போம்" என்றுவிட்டார்கள். திருத்தி எழுதிய தீர்மானத்தை முத்துசெல்வி உரக்க வாசிக்க, பதினைந்தடி என்பதை மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே தங்கமாரி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அடுத்த சபை எப்பட்டி?"

"நவம்பர் ஒண்ணு, மதினி."

"அன்னைக்கு மாடக்கண்ணு அண்ணன் வரட்டும். ஆட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்று நடந்தவள், பத்தடி போனதும் நின்றாள்.

"இல்ல, அவிய கூச்சப்படுவாவ. நானும் வாரேன்."