வெள்ளி முதலில் விழுமா?

1
கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் திணறிக்கொண்டிருந்தபோது, முன் இருக்கை மாணவி ஒருத்தி, "வெள்ளிதான்டி முதல்ல விழும், மிஸ் சொன்னாங்க" என்றாள். பௌர்ணமிப் போயா விடுமுறை வெள்ளிக்கிழமை விழுகிறதாக்கும் என்று மகிழ்ந்துபோனேன். அவள் உலோகத்தைச் சொல்கிறாள் என்று விளங்குவதற்குள் கண்டி வந்துவிட்டது. அந்த ஏமாற்றத்தில் பிறந்தது இந்தக் கதை.

2
கண்டி மலைகளில் பனி (வேண்டாம். பனி எல்லாருடைய கதையிலும் இறங்குகிறது.)

அனற் என்ற ஆசிரியை காதலில் (அவளே தடுத்தாள். "என்னைய வெள்ளியாக்கி யாரோடயும் சேத்து வைக்காதீங்க. எனக்கு வகுப்பு இருக்கு.")

சரி, வகுப்பு. அனற் புசல்லாவைக்காரி. நகரில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் ரியூசன் எடுக்கிறாள். வெள்ளி அயனும் பேரியம் அயனும் சம செறிவில் கலந்த கரைசலில் குரோமேற்றைத் துளித்துளியாகச் சேர்த்தால் எது முதலில் வீழ்படிவாகும்? வெள்ளிக் குரோமேற்றின் கரைதிறன் பெருக்கம் சிறியது. ஆகவே வெள்ளி, செங்கல் சிவப்பில் என்றாள்.

"பக்கத்து வகுப்பு சேர் பேரியம்தான் முதல்ல, மஞ்சள் எண்டு சொன்னாரே மிஸ்," என்றாள் மாணவி ஸஹ்ரா.

அனற்றுக்கு ரோசம் பொங்கியது. "நாளைக்கு செஞ்சே காட்டுறேன். சிவப்பு விழலன்னா எல்லாரும் அங்கயே போயிருங்க!"

3
பக்கத்து வகுப்பு விமலநாதன், யாழ்ப்பாணத்தவர், வாசலில் தலையை நீட்டினார்.

"ரீச்சர், வெள்ளி தனிய வராது, சோடியாத்தான் வரும். வர்க்கிக்க மறந்திட்டியள்."*

"ஒங்க வகுப்பில கதிரை போதுமா சேர்?"

"காணாட்டி பிள்ளையள் இருக்க நீட்டு வாங்கு போடுவன்."

(* அவர் சொன்னது சரி. ஒரு குரோமேற்றுக்கு இரண்டு வெள்ளி என்பதால் வெள்ளியின் செறிவை அதனாலேயே பெருக்க வேண்டும். ஐதான, அதாவது நீர்த்த, கரைசலில் அது மிகவும் சிறுத்துப்போகும். பேரியம் முந்திக்கொள்ளும். மஞ்சள்.)

4
முடிவு ஒன்று: மஞ்சள் விழுகிறது. வகுப்பு பக்கத்து அறைக்குக் குடிபெயர்கிறது.

முடிவு இரண்டு: ஸஹ்ராவின் கை தவறுதலாகப் பட்டு முகவை (மலிவு. அடித்துவிட்டேன்.)

மூன்றாவதை அனற்றே கொண்டுவந்தாள். இம்முறை வர்க்கித்துக் கணக்குப் போட்டிருந்தாள். "கரைசல் நல்லா செறிவா இருந்தா வெள்ளிதான் முந்தும். போத்தல்ல என்ன செறிவுன்னு நீங்க இன்னும் எழுதலதானே?"

"எழுதவில்லை. ஆனால் நீ சொல்லிக்கொடுத்த காரணம்?"

"அது பிழைதான். ஆனா சிவப்பா விழுமே."

நிறத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அது கணக்கின்படிதான் விழும். செறிவை மட்டும் எழுதலாம். கூட்டி எழுதினால் அவள் வகுப்பு தப்பும், பிழையும் அதோடு தப்பும். எனக்குக் கை வரவில்லை.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். விமலநாதன் கைகட்டி நிற்கிறார். அனற் என்னை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கிறாள். இந்தாருங்கள் பேனை. சீக்கிரம், முதல் துளி நுனியில் தொங்குகிறது.