ஐந்தாம் நம்பர் திரை

இப்போதெல்லாம் ரெஸ்டாரன்ட் மேனேஜர் வேலைக்குப் பட்டம் கேட்கிறார்கள். போன வாரம் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. கம்ப்யூட்டர் தெரிய வேண்டும், ஆங்கிலம் தெரிய வேண்டும், ஆளைக் கவரும் புன்னகை வேண்டுமாம். எனக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு நன்றாக இருமத் தெரியும், அவ்வளவுதான்.

ஹாத்திபாகான் கடைத்தெருவில் எங்கள் மஞ்சரி கேபின் ரெஸ்டாரன்டில் மரத்தடுப்பு போட்ட ஆறு சின்ன அறைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைத் திரை. திரைக்கு வெளியே நின்று இருமி, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் தட்டோடு நுழைய வேண்டும். அவசரப்பட்டால் மரியாதை போகும், தாமதித்தால் கட்லெட் ஆறிப்போகும். சமையல்காரரின் கோபத்தைத் தணிப்பதையும் மீன்காரனிடம் ஏமாறாமல் இருப்பதையும் எவனும் ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். திரைக்கு வெளியே நிற்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. இன்று கேபினும் இல்லை, திரையும் இல்லை. கட்லெட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் அந்தக் கடுகு விழுதின் வாசனைக்கு நான் ஏங்காத நாளும் இல்லை.

பழைய மேனேஜர் விலகியபோது முதலாளி நிபாரண் பாபு என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் வெறும் சர்வர், கல்யாணமாகி நான்கு மாதம்.

"ஹிமாங்ஷு, தற்காலிகமா நாற்காலியில உட்காரு. சரஸ்வதி பூஜைக் கூட்டத்தைச் சமாளிச்சா அது உனக்கு. இல்லேன்னா பழையபடி தட்டைத் தூக்கு."

சரஸ்வதி பூஜை என்றால் எங்கள் ஊரில் வயசுப் பிள்ளைகளின் நாள். காலையில் தேவிக்குப் பூப்போட்டுவிட்டு, மஞ்சள் புடவையும் கஞ்சி போட்ட ஜிப்பாவுமாக ஜோடி ஜோடியாகக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் எந்த வீட்டிலும் கேள்வி இல்லை. அத்தனை பேரும் தேடி வருவது கேபினைத்தான். பதினொரு மணிக்கே வரிசை நடைபாதை வரை போய்விட்டது.

அந்த வரிசையில் ரேபா நின்றாள், முதலாளியின் ஒரே மகள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஒல்லிப் பையன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"வேற எங்கயும் இடமே இல்ல, ஹிமாங்ஷு அண்ணா. அப்பா பராநகர் அத்தை வீட்டுக்குப் போயிருக்காரு. ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடறோம்."

அனுப்பியிருக்கலாம். ஆனால் வரிசையில் நின்று வந்தவர்களைத் திருப்பி அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. உள்பக்கத்து ஐந்தாம் நம்பரைக் கொடுத்தேன்.

ஒரு டீ என்றவர்கள் ஒரு மணி நேரமாகியும் எழவில்லை. அப்போதுதான் நிபாரண் பாபு உள்ளே வந்தார். நேராக வந்து என் கணக்கு நோட்டைப் புரட்டினார். நான் எழுந்தேன்.

"பராநகர் போகலையா, பாபு?"

"போனேன். உன் லட்சணத்தைப் பாக்கலாம்னு திரும்பிட்டேன். அஞ்சுல யாரு? ரெண்டு டீயை வெச்சுக்கிட்டு வாடகைக்கு இருக்காங்களா? எழுப்பு."

"கவிராஜி மீன் கட்லெட் சொல்லியிருக்காங்க, பாபு."

"சமையல்கட்டுல கேக்கறேன்" என்று அவரே உள்ளே நடந்தார். வழி ஐந்தாம் நம்பரை உரசிக்கொண்டுதான் போகிறது. வேலை போயிற்று, மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி பின்னால் ஓடினேன்.

திரைக்குள் ரேபா சிரித்தாள். கலகலவென்று, மூச்சு வாங்க. முதலாளி அப்படியே நின்றுவிட்டார். கை திரைப் பக்கம் போய்ப் பாதியில் இறங்கியது. பிறகு என் தோளைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் தள்ளினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"திரை மூடியிருந்தது, பாபு."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. புகையால் என்று நான் நினைக்கவில்லை.

"அவ அம்மா போனதுலருந்து வீட்டுல சிரிச்சதே இல்ல. சிரிக்கவே மறந்துட்டாளோன்னு நெனச்சேன்."

நான் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தேன்.

"கட்லெட் நெசமாவே சொன்னாங்களா?"

"இல்ல."

"இப்ப அனுப்பு. புது எண்ணெய்ல போடச் சொல்லு. மீன் பெரிய துண்டா இருக்கட்டும். எல்லாருக்கும் பூஜைக்காகத் தர்றோம்னு சொல்லிடு. டீக்கு மட்டும் காசு வாங்கு. வாங்கலேன்னா கண்டுபிடிச்சிடுவா."

"மத்த அஞ்சு அறைக்கும் குடுக்கணுமே, பாபு."

"குடு. நஷ்டம் எனக்குத்தான?"

கரி மூட்டைகளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் சொந்தக் கடையின் பின்கதவைத் திறந்தார். பாத்திரம் கழுவும் சந்தில் இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த வருஷம் இந்த நாள்ல நான் வந்தா, இடமில்லேன்னு சொல்லி அனுப்பிடு, மேனேஜர்."