மூன்று மடங்குப் பசி

தேஜான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் அன்று காலை ஆய்வாளர் சோல்பி தன் காப்பியைக்கூடத் தொடவில்லை. இரண்டு வாரம் செல்களை வளர்த்து, 'செம்மொட்டு' என்ற இரும்புச்சத்து டானிக்கை அவற்றுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு திரையில் வந்திருந்தது. டானிக் கொடுத்த செல்களின் வரிசையில், புரதம் கூடக் கூடக் கறுக்கும் பட்டை கன்னங்கரேலென்று இருந்தது. இரும்பை உள்ளே இழுக்கும் ஏற்பிகள் மூன்று மடங்கு கூடியிருந்தன.

சந்தோஷப்பட வேண்டிய விஷயமல்ல அது. செல் நம்மைப் போல அல்ல, தேவைக்கு மேல் அள்ளாது. இரும்பு போதுமென்றால், ஏற்பி செய்யச் சொல்லும் செய்தியையே அழித்துவிடும். பற்றாக்குறை வந்தால்தான் ஒரு புரதம் போய் அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றும், ஏற்பிகள் பெருகும். ஆக, ஏற்பி கூடியிருக்கிறது என்றால் செல் பட்டினி கிடக்கிறது. டானிக்கில் ருசிக்காகச் சேர்த்த பெர்சிமன் என்ற பழமரத்தின் இலைச் சாற்றிலுள்ள துவர்ப்பு, இரும்பைக் கவ்விக்கொண்டு செல்லுக்குள் விடவில்லை.

பேராசிரியர் பியோ இதை இருபது வருஷமாக மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர். டானிக் கம்பெனிக்கு ஆலோசகரும் அவரே. திரையைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்த அழகு இருக்கிறதே, கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

"மூணு மடங்கு ஏறியிருக்கே. 'இரும்பை இழுக்கிற சக்தி மூணு மடங்கு'ன்னு ஒரு படம் போட்டுக் குடு" என்றார்.

"சார், செல்லு பசியில கிடக்கு. அதனாலதான் ஏறியிருக்கு."

"ஏறியிருக்கா, இல்லையா? இதுல பொய் எங்க இருக்கு? உன் வேலை நீட்டிப்புக் காகிதம் என் மேஜைலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

சோல்பி படம் போட்டாள். மூன்று பட்டம் வாங்கியவள் முதுகெலும்பை எங்கே தொலைத்தாளோ தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரண இரும்பு உப்பு கொடுத்த செல்களில் ஏற்பிகள் நியாயமாகக் குறைந்திருந்தன. அந்த வரிசை இருந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அதைக் கத்தரித்தாள். மீதியை எடுப்பான சிவப்பில் தீட்டிக் கொடுத்தாள்.

அடுத்த வாரமே டிவி விற்பனை நிகழ்ச்சியில் பியோ தோன்றினார். ஐந்து வருஷமாக ஒரு சோதனைக்குழாயைக்கூடத் தொடாத மனிதர், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில், சிவப்புப் படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பெட்டிகள் அரைமணியில் தீர்ந்தன. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் பன்றி இறைச்சி சுட்டு விருந்து வைத்தார். கை தட்டினார்கள். சோல்பியும் தட்டினாள். வெட்கமாவது மானமாவது.

ஒரு மாதம் கழித்து, மதிய வேளையில், அலுவலக எழுத்தர் போங்ஜு மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பதைச் சோல்பி பார்த்தாள். போங்ஜுவுக்கு ஏழாம் மாதம். உதடு வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பாக இருந்தது. கையில் செம்மொட்டுப் பொட்டலம். பேராசிரியர் புண்ணியவான், ஒரு பெட்டியைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் தந்த இரும்பு மாத்திரை மலச்சிக்கல் உண்டாக்குகிறது என்று அவள் அதை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறதாம்.

"நீங்க போட்ட படத்தை நம்பித்தான்க்கா நிறுத்தினேன். மூணு மடங்குன்னா பாப்பாவுக்கும் சேர்த்துப் போதும்தானே?" என்று கேட்டாள் போங்ஜு.

சோல்பி பொட்டலத்தைப் பிடுங்கினாள். படியிலேயே உட்கார்ந்து, உள்ளது அத்தனையையும் சொன்னாள். போங்ஜு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தம் ரொம்பவே குறைந்திருந்தது. உடனே படுக்க வைத்து, நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். குழந்தைக்கு ஆபத்தில்லை, இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர்.

மறுநாள் கம்பெனிக்காரர்கள் வந்திருந்த கூட்டத்தில் சோல்பி எழுந்து, கத்தரிக்காத முழுப்படத்தைத் திரையில் போட்டாள். எடு அதை என்றார் பியோ. அவள் எடுக்கவில்லை.

"வாசல்ல பசின்னு நிக்கிற கூட்டம் மூணு மடங்கு ஆச்சுன்னா, உள்ள சோறு கிடைக்கலன்னு அர்த்தம் சார். எனக்கு இதைச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்கு எழுதிட்டேன். படம் போட்டது நான்தான்னும் எழுதியிருக்கேன்."

கம்பெனிக்காரர்களில் ஒருவர், விஷயம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் கவலை அவருக்கு. பியோ கழுத்து நரம்பு புடைக்க, உனக்கு இனி எந்த ஊரிலும் வேலை கிடைக்காது என்றார்.

"கிடைக்காம போகட்டும்" என்றாள் சோல்பி. "தெரியாதவன் தப்பாச் சொன்னா அது அறியாமை. தெரிஞ்சவன் உண்மையைப் புரட்டிச் சொல்றதும், பக்கத்துல இருக்கறவ வாயை மூடிக்கிட்டு அதுக்குப் படம் போட்டுக் குடுக்கிறதும் திருட்டு. ரத்தமில்லாத பொம்பளைங்ககிட்ட திருடியிருக்கோம் சார், நீங்களும் நானும்."