மூன்றாம் நிலையில் மூன்று வாரம்

வீட்டில் அவளைக் கணக்குப்புலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஏழு வயதில், அம்மா ஓட்டும் நகரப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்தபடி, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், இப்போது உள்ளே எத்தனை பேர் என்று தப்பில்லாமல் சொன்ன அன்று ஒட்டிக்கொண்ட பெயர் அது. பதினெட்டு வயதாகியும் உதிரவில்லை. தேய்ந்து தேய்ந்து வெறும் புலி ஆனதுதான் மிச்சம்.

கல்லூரியில் கணக்குப் பாடத்தை மூன்று நிலைகளாகப் பிரித்திருந்தார்கள். நுழைவுப் பரிசோதனையில் புலிக்கு அறுபத்தொன்று. ஆலோசகர் அட்டவணையில் விரல் வைத்துக் காட்டினார்.

"நாப்பதுல இருந்து எழுபது வரைக்கும் ரெண்டாவது லெவல். உனக்கு அதுதான் சரியா இருக்கும்மா."

"மூணாவதுல சேரக் கூடாதா சார்?"

"கூடாதுன்னு இல்ல. கையெழுத்துப் போட்டுட்டுச் சேரலாம். ஒத்து வரலேன்னா மூணு வாரத்துக்குள்ள மாத்திக்கலாம்."

பின்பாதி அவள் காதில் ஏறவே இல்லை. முந்தின நாள்தான் அம்மா வண்டியில் ஏறிய அத்தனை பேரிடமும், "எம்பொண்ணு காலேஜ் போறா. கணக்குல மேல் வகுப்புதான் குடுப்பாங்க, வேணா பாருங்க" என்று தம்பட்டம் அடித்திருந்தாள். அந்த முகங்களையெல்லாம் நினைத்துக்கொண்டே புலி கையெழுத்துப் போட்டாள்.

முதல் வகுப்பில் பத்து நிமிடம் நன்றாகத்தான் போயிற்று. அதன்பிறகு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். பேராசிரியை பலகையின் இடது மூலையில் தொடங்கி வலது மூலைக்குப் போய்ச் சேருவதற்குள் இடது பக்கத்தை அழித்துவிடுவார். கேள்வி கேட்டவர்கள் கேட்ட கேள்வியே புலிக்குப் புரியவில்லை.

ஒரே ஆறுதல், பக்கத்து இருக்கைக்காரி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட, நெட்டையான பெண். தலையே நிமிராமல் எழுதிக்கொண்டே இருப்பாள். இவள் சரியான கெட்டிக்காரி என்று புலி முடிவு கட்டினாள். நோட்டில் விட்டுப்போனதை அவளைப் பார்த்து நிரப்பினாள். வீட்டுப்பாடத்தையும் வகுப்புக்கு முன்னால் இருவரும் 'சரிபார்த்து'க்கொண்டார்கள். அவளுக்குக் கண்ணாடி என்று புலி பெயர் வைத்தாள், அவளும் மறுக்கவில்லை.

மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. பேராசிரியை இருவரையும் அறைக்கு அழைத்தார். மேசையில் அந்த வார வீட்டுப்பாடத்தின் இரண்டு விடைத்தாள்கள். இரண்டிலும் இருபதுக்கு மூன்று.

"இந்த எஸ் யாரு?" என்று கேட்டார்.

இருவரும் திருதிருவென்று விழித்தார்கள்.

"நான் பலகையில எழுதினது அஞ்சு. உங்க ரெண்டு பேர் தாள்லயும் அது எஸ் ஆயி, கடைசி வரி வரைக்கும் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு. யாரு யாரைப் பாத்து எழுதினீங்க?"

"நான்தான் மேடம், இவளைப் பாத்து எழுதினேன்" என்றாள் புலி.

"இல்ல மேடம், நான்தான் இவளைப் பாத்து" என்றாள் கண்ணாடி.

புலி மெதுவாகத் திரும்பினாள். "அப்ப உனக்கும் புரியலையா?"

"தலையும் தெரியல, வாலும் தெரியல. நீ அவ்வளவு நிதானமா தலையாட்டுவியே, உனக்கு எல்லாம் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

பேராசிரியை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அடுத்து, விடைத்தாள்களை மடித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, "லெவல் மாத்த நாளைக்குச் சாயங்காலம்தான் கடைசி" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் கண்ணாடி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா, நான் நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போயிடுவேன். நீ?"

புலி விடைத்தாளைப் பையின் அடியில் திணித்தாள். அவள் வீடு திரும்ப வேண்டியது அம்மா ஓட்டும் அந்தப் பேருந்தில்தானே.

ஏறியதுமே, தினமும் அதில் வரும் மருந்துக்கடைக்காரர், "என்ன புலி, மூணாவது லெவல் என்ன சொல்லுது?" என்றார். அவள் விறுவிறுவென்று கடைசி இருக்கைக்குப் போய்விட்டாள். அம்மா தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் மகளைப் பார்த்தாள்.

பணிமனை வந்து எல்லோரும் இறங்கிய பிறகு, யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று அம்மா இருக்கை இருக்கையாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி இருக்கையில் மகள் விடைத்தாளை நீட்டினாள்.

"மூணா?"

"ஆமாம்மா. எனக்கு அங்க ஒண்ணுமே புரியல. ரெண்டாவதுக்கே போகச் சொன்னாங்க, நான்தான் கேக்கல."

"மூணு வாரமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி."

"எப்படிச் சொல்றது? பஸ் பூரா சொல்லி வச்சிருக்க. உன்னைத் தலைகுனிய வைக்கச் சொல்றியா?"

அம்மா அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். யாரோ மறந்துவிட்டுப் போக, அவள் பொறுக்கி எடுத்த ஒற்றைக் கையுறை அவள் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்" என்றாள். பிறகு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "இதுக்குப் போயி ஒழுங்காச் சாப்பிடாம இருந்தியா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். நாளைக்கு மாத்திட்டு வா. பஸ்ஸை நான் பாத்துக்கறேன்."

அப்போதுதான் புலி அழுதாள். அம்மாவின் சீருடைத் தோள் நனைகிற வரைக்கும் அழுதாள்.

மறுநாள் காலை மருந்துக்கடைக்காரர் ஏறினார். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எம்பொண்ணு ரெண்டாவது லெவலுக்கு மாறுறா. யாரும் சொல்லல, தானே முடிவெடுத்தா!" அதே குரல், அதே பெருமை, அதே சத்தம். பேருந்தே திரும்பிப் பார்த்தது. புலி பையால் முகத்தை மூடிக்கொண்டாள். பைக்குப் பின்னால் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இரண்டாம் நிலை ஒன்றும் பஞ்சுமெத்தையாக இல்லை. அங்கேயும் திணறினாள். ஆனால் எந்த வரியில் திணறுகிறோம் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. முதல் வாரமே கையைத் தூக்கி, "சார், அந்த நாலாவது வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ, "நல்லவேளை கேட்டா" என்று முணுமுணுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை. மதியத்திலிருந்து மல்லுக்கட்டிய ஒரு கணக்கு ஐந்து மணிக்கு விழுந்தது. அதே வகுப்புக்கு மாறியிருந்த கண்ணாடியின் உதவிகூட இல்லாமல், தானாகவே போட்டது. வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் முன்னால் நோட்டை விரித்து, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மாவுக்கு அதில் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. இருந்தாலும் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, மகளின் முகத்தையே பார்த்தபடி, ஒவ்வொரு வரி முடிந்ததும் கேட்டுக்கொண்டிருந்தாள்:

"ம்... அப்புறம்?"