செவ்வாய் வௌவால்கள்

1

இந்தக் கதை என் வாயில் விழுந்தது. பொய்யில்லை. குகைக்குள் அண்ணாந்து பார்த்து "எவ்வளவு வௌவால்!" என்றேன், மேலிருந்து ஒன்று பதில் போட்டது. உள்ளே வாயைத் திறக்காதே என்று வௌவால் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நில்டா முன்பே சொல்லியிருந்தார். அவருக்கு வலை பிடிக்கப் போனவன் எழுத்தாளனாகத் திரும்பினேன்.

2

முதல் தொடக்கம்: "அப்பூரிமாக் ஆற்றின் மேல் காலைச் சூரியன் தன் பொற்க

[அடித்துவிட்டேன். சூரியனுக்கும் மாட்டு வெறிநோய்க்கும் என்ன சம்பந்தம்?]

நேராகவே சொல்கிறேன். எங்கள் பக்கம் ரத்தம் குடிக்கும் வௌவால் கடித்து மாடுகள் வெறிநோயில் சாகின்றன. எங்கள் ஊர் விவசாயி மெலித்தோனின் உழவு மாட்டு ஜோடியில் ஒன்று போய்விட்டது. மிச்சம் கப்பித்தான் என்ற காளை மட்டும். மண்ணெண்ணெயோடு குகையைக் கொளுத்தக் கிளம்பியவரை நில்டா மறித்தார்.

"கொளுத்தினா செத்தது போக மிச்சம் மலை தாண்டிப் போகும் அண்ணே. அங்க முதல்ல இருக்கிறது உங்க மக தொழுவம்."

"அப்ப அதுங்களுக்கு விருந்து வைக்கச் சொல்றீங்களா டாக்டரம்மா?"

"மருந்து வைக்கிறேன்."

சில வௌவால்களின் முதுகில் தடுப்பு மருந்துக் களிம்பைத் தடவி விடுவார். அவை ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் சாதி. மருந்து குகை முழுக்கப் பரவும். பரவியதா என்று பார்க்கக் களிம்பில் சிவப்புச் சாயம். பரவினால் குகை பிழைக்கும், இல்லையென்றால் கொளுத்தலாம் என்று பேச்சு.

[மாட்டுக்கே ஊசி போட்டால் என்ன என்று கேட்கும் புத்திசாலி வாசகருக்கு: கப்பித்தானுக்குப் போட்டாயிற்று. அது உடம்பில் பிடிக்கும் முன்பே வெறிபிடித்த வௌவால் கடித்திருந்தால் ஊசியை நம்ப முடியாது.]

3

ஒரு சந்தேகம். நில்டாவை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? சரி, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: என் தட்டிலிருந்த, எங்கள் ஊர் விருந்துப் பண்டமான வறுத்த சீமைப்பெருச்சாளித் தொடையைக் கேட்காமலே எடுத்துத் தின்றவர் அவர்.

களிம்பு தடவி விட்டுச் சில நாள் கழித்து மறுபடி வலை விரித்தோம். சிக்கிய அத்தனைக்கும் வாய் சிவப்பு! நில்டா குகை வாசலிலேயே ஆடினார். மெலித்தோன் ஒன்றைக் குனிந்து பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, போன வாரம் எங்க மாட்டுத் திருவிழா. சோளக்கள்ளைக் குடிச்சிட்டு ஊர் மாடு அத்தனைக்கும் கழுத்துல செஞ்சாயம் அப்பினோம். இந்த எழுத்தாளரு என் மூஞ்சியிலயே அப்பினாரு. கடிச்ச வாய் சிவக்காம என்ன செய்யும்?"

ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மெலித்தோனின் சிரிப்பும் நின்றது. கப்பித்தானின் கழுத்திலும் அதே சாயம்தான்.

4

"உண்மையச் சொல்லுங்க. இது நீங்க தடவினதா, நான் தடவினதா?"

'என்னோடது' என்று நில்டா ஒரு பொய் சொன்னால் போதும். குகை, மகளின் தொழுவம், நில்டாவின் ஆராய்ச்சி எல்லாம் தப்பிக்கும். இரண்டு வரைவுகளில் சொல்ல வைத்துப் பார்த்தேன். அவர் வாயில் ஒட்டவில்லை.

"தெரியல அண்ணே. மாட்டுச் சாயம் போனப்புறம் மறுபடி பிடிச்சுப் பாக்கணும்."

"அதுவரைக்கும் என் மாடு?"



முடிவு ஒன்று: மெலித்தோன் கொளுத்துகிறார். புகையிலிருந்து தப்பியவை மலை தாண்டி, அவர் மகளின் தொழுவத்

முடிவு இரண்டு: காத்திருக்கிறார். ஒரு காலையில் கப்பித்தானின் வாயில் எச்சில் ஒழு

[முடியாது. அந்த மாடு என்னைப் பார்த்தால் தலையாட்டும். அது சாகக்கூடாது.]

மெலித்தோன் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். "கதை எழுதுறவன்தானே நீ? என்ன நடக்கும்னு சொல்லு, அதையே செய்யறேன்."

எனக்கும் தெரியாது. நில்டாவைப் போல அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியமும் இல்லை. இந்தாருங்கள் வாசகரே, தீப்பெட்டியைக் கொஞ்சம் பிடியுங்கள். அவர் உங்களைத்தான் பார்க்கிறார்.