மணலில் எடுத்த மூச்சு

சனிக்கிழமை மாலையானால் வங்காலையில் பாதி ஊர் அமிர்தநாயகம் வாத்தியார் வீட்டு முற்றத்தில்தான். பட்டரியில் ஓடும் அவருடைய றேடியோவில், கொழும்பிலிருந்து பட்டாளத்துப் பாண்ட் கோஷ்டி ஒன்று மெட்டுகளை வாசித்து, 'இது என்ன பாட்டு?' என்று கேட்கும். வங்காலைக்கு அந்த இங்கிலீசுப் பாட்டுகளில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஆளுக்கொரு விடை சொல்வார்கள். வாத்தியார் சரியான பெயரைச் சொன்னதும், அதைத்தான் தாங்களும் நினைத்ததாகச் சாதிப்பார்கள். வெட்கம் கெட்ட சனம்.

பிரான்சிஸ்கா விடை சொல்வதில்லை. வேலியோரம் குந்தியிருந்து கண்ணை மூடிக்கொள்வாள். வாத்தியங்கள் கடற்காற்றோடு கலந்து வரும்போது, எங்கோ விளக்குகள் எரியும் மண்டபத்தில் தான் மிதப்பதுபோல இருக்கும். அங்கே எமிலியானுஸ் இருப்பான். கோயில் பாண்டில் கோர்னெற் என்ற பித்தளைக் குழல் ஊதியவன். அவளைக் கட்டுவதாகச் சொல்லிவிட்டு, சண்டைக்கு ஆள் எடுத்தபோது பட்டாளத்தில் சேர்ந்தவன். அவன் போன கப்பல் மூழ்கியது என்று சேதி வந்து, ஆத்துமத்துக்குப் பூசையும் ஒப்புக்கொடுத்தாகிவிட்டது.

இப்போது அதே பாண்டில் மேளம் அடிக்கும் யோசேப்புக்கும் அவளுக்கும் கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலை இரண்டு தடவை வாசித்தாயிற்று. நாளைக்கு மூன்றாவது. அதற்கும் யாரும் தடை சொல்லாவிட்டால் கலியாணம்தான். யோசேப் நல்லவன். அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குக் கடைசி மெட்டு. மற்ற வாத்தியங்கள் ஒதுங்க, கோர்னெற் ஒன்று தனியே எழுந்தது, தூக்கத்தில் நடப்பதுபோல மெதுவாக. நீண்ட சுரத்தின் நடுவில், யாரும் நிறுத்தாத இடத்தில், அது ஒரு சின்ன மூச்சு எடுத்தது.

பிரான்சிஸ்கா கண்ணைத் திறந்தாள். வங்காலைப் பாண்ட் திருநாளில் மணலில் நடந்து வாசிப்பது. கால் புதையும்போதெல்லாம் ஊதுகிறவன் மூச்சு எடுக்க வேண்டும். அதிலும் இழுத்த சுரத்தைப் பாதியில் வெட்டி, ஒன்றும் நடக்காததுபோலத் தொடர்கிறவன் ஒருவன்தான்.

"இது இசைத்தட்டோ, வாத்தியார்?"

"இல்லைப் பிள்ளை. இப்ப, இந்த நேரம் கொழும்பில வாசிக்கினம்."

உயிரோடு இருக்கிறான். சந்தோஷம் பொங்கியது. ஒரு வரி எழுதவில்லையே என்ற கோபமும் கூடவே வந்தது. மெட்டில் அந்த இடம் மறுபடி வந்தபோது அவள் முற்றத்தின் மறுபக்கம் இருந்த யோசேப்பைப் பார்த்தாள். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவன் விரல் அந்த மூச்சுக்காக நின்று, பிறகு தொடர்ந்தது. அவன் தலை நிமிரவில்லை.

மூச்சை வைத்து ஆளைக் கண்டேன் என்றால் ஊர் சிரிக்கும். யோசேப்பின் முகத்தில்தான் எப்படி விழிப்பது? மெட்டு முடிந்ததும் அவள் எழும்பி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பூசையில் சுவாமியார் ஓலையை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்றார். எழும்ப நினைத்தாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். ஆண்கள் பக்கம் யாரோ எழும்பும் அரவம் கேட்டது.

"தடை இருக்குது, சுவாமி," என்றான் யோசேப். "எமிலியானுஸ் உயிரோட இருக்கிறான். நேற்று றேடியோவில ஊதினவன். பக்கத்தில நடந்து மேளம் அடிச்சனான், எனக்குத் தெரியும்."

கோயில் முழுக்க முணுமுணுத்தது. பிரான்சிஸ்காவும் எழுந்தாள்.

"நானும் கேட்டனான், சுவாமி," என்றாள். யோசேப்பைத் திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.