சாட்சிக் கையெழுத்து

கிச்சா மாமா தன் கிரெடிட் கார்டு நம்பரைப் படித்தால், வாசலில் பூக்கட்டும் தங்கத்துக்குக்கூட மனப்பாடம் ஆகிவிடும். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்தில் யாருக்குமே கேட்காது என்ற நம்பிக்கை அவருக்கு.

"நாலு, அஞ்சு, நாலு, சைபர். போட்டியாம்மா?"

"போட்டுக்கினே கீறேன் சார், நீங்க படிங்க," என்பாள் பொன்மணி.

1999 நவம்பர் மாதம். மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெயராம் நடத்தி வந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் முன்பாதி, பிரவுசிங் சென்டராக மாறி ஆறு மாதம் ஆகியிருந்தது. மூன்று கம்ப்யூட்டர்கள், மணிக்கு அறுபது ரூபாய். பின்பாதியில் நாலு டைப்ரைட்டர்கள் உறை போட்டுக் கிடந்தன. பத்து வருஷமாக அங்கே டைப் சொல்லிக்கொடுத்த பொன்மணி, இப்போது வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுத்தாள். அடையாற்றின் கரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். முப்பத்தைந்து வயது. தமிழிலும் இங்கிலீஷிலும் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போடும் பருவம் அது. டாலரில் பணம் கட்டும் கார்டு அந்த வட்டாரத்தில் கிச்சா மாமாவிடம்தான் இருந்தது. அதனால் எந்த வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தாலும் கட்டணம் அவர் கார்டில்தான் போகும். பெற்றவர்கள் அதை ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மாமா அதில் ஒரு காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. நல்ல மனிதர். நல்லவர்கள் அவசரப்படும்போதுதான் ஆபத்து அதிகம் என்பது பின்னால் தெரிந்தது.

அன்றைக்கு எதிர்வீட்டு ஸ்நேஹாவுக்கு விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் பக்கம் திறந்து காத்திருந்தது. மாமா சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு விழித்தார்.

"கார்டை ஆத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே. போயிட்டு வரதுக்குள்ள லைன் கட் ஆயிடுமோ?"

"இருங்க சார்," என்றாள் பொன்மணி. கண்ணைக்கூடக் கீழே தாழ்த்தாமல் பதினாறு எண்களையும் தட்டினாள். பணம் போய்ச் சேர்ந்தது.

மாமா அசந்துவிட்டார். "எப்படிடீம்மா?"

"வெரல்லயே நிக்குது சார். இதோட பதினோரு தபா போட்டுட்டேன்ல."

"பத்து வருஷம் டைப் சொல்லிக்குடுத்தவ மாமா, சும்மாவா?" என்று ஜெயராம் பெருமைப்பட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த மூன்றாம் நம்பருக்கு ஒரு கதை இருந்தது. லைன் ஆமை வேகம் என்று எல்லோரும் முணுமுணுத்த சமயத்தில் ஜெயராமுக்கு முகம் தெரியாத யாரிடமிருந்தோ ஒரு மெயில் வந்தது. இணைய வேகத்தை இரட்டிப்பாக்கும் புரோகிராம், முற்றிலும் இலவசம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அவர் உடனே ஏற்றினார். வேகம் கூடியதோ இல்லையோ, கூடியதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். பணம் கட்டுகிறவர்களை அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்தார்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்பர் பாஷா வந்தார். ஒரு மணி நேரம் மூன்றாம் நம்பரைக் குடைந்துவிட்டு ஜெயராமைத் தனியாகக் கூப்பிட்டார். பொன்மணி அப்போது சாப்பிடப் போயிருந்தாள்.

"சார், இதுல ஒண்ணு ஒளிஞ்சுக்கினு கீது. யார் எந்த பட்டனத் தட்டுனாலும் எழுதி வெச்சுக்கும். லைன் கெடச்சதும் எங்கியோ இருக்கற எவனுக்கோ அனுப்பிடும். பேங்க் பாஸ்வேர்டு, கார்டு நம்பரு, எல்லாம் போய்க்கினு இருந்திருக்கு."

ஜெயராம் அந்தக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"அந்த ஸ்பீடு புரோகிராம ஏத்துனீங்களே, அன்னிலேர்ந்து. நான் சுத்தமா தொடச்சிட்டுப் போறேன். இதுல உக்காந்தவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். கார்ட மாத்திக்குவாங்க, பாஸ்வேர்ட மாத்திக்குவாங்க. வேற ஒண்ணும் வேணாம்."

ஒரு வார்த்தைதான். ஜெயராம் சாயந்திரம்வரை அதை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லஸ் முனையில் புதிதாக இன்னொரு சென்டர் திறந்திருந்தார்கள். சொன்னால் நாளைக்கே கூட்டம் அங்கே போய்விடும். கம்ப்யூட்டர் வாங்கிய கடன் இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. துடைத்தாகிவிட்டது, இனி என்ன ஆகப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுநாள் கிச்சா மாமா வந்தபோது, அவர் கேட்காமலே ஃபில்டர் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். பொன்மணியை அந்த வாரம் முழுக்கச் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னார். குற்றம் செய்தவனுக்குத் திடீரென்று தாராள மனசு வந்துவிடும்.

டிசம்பர் முதல் வாரம் மாமா வந்தார். கையில் கார்டு பில். முகம் வெளுத்திருந்தது.

"ஜெயராம், ஆயிரத்து இருநூறு டாலர். நான் வாங்கவேயில்லை. ஏதோ ஊர்ல பத்து ஜோடி ஷூ, கேமரான்னு போட்டிருக்கான். பேங்க்ல கேட்டா, உங்க நம்பர் வேற யாருக்குத் தெரியும்னு என்னையே கேக்கறான்."

ஜெயராம் பில்லை வாங்கிப் பார்த்தார். தொகை அவர் கண்ணில் படவில்லை. முதலில் தேதிதான் பட்டது. நவம்பர் பதினான்கு, பதினைந்து, பதினேழு. பாஷா வந்துபோய் ஐந்து நாள் கழித்துத்தான் முதல் திருட்டே நடந்திருந்தது. ஒன்பதாம் தேதி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் மாமாவின் பணம் ஒரு பைசா போயிருக்காது.

மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தாழ்த்தினாலும் உள்ளறைவரை கேட்டது. "எனக்குச் சொல்லவே கூசறது. நம்பர் அவளுக்குப் பாராமலே தெரியுமேடா. நீயும்தானே பார்த்தே?"

பத்து ஜோடி ஷூவை வைத்துக்கொண்டு ஆற்றங்கரை வீட்டில் பொன்மணி என்ன செய்வாள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர் ஜெயராம். அவர், "விசாரிக்கலாம் மாமா," என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. சாயந்திரத்துக்குள் தெருவெல்லாம் பொன்மணியை வேறு மாதிரி பார்த்தது. ஸ்நேஹாவின் அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள், மேஜைமேல் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொன்மணி அதைப் பார்த்துவிட்டாள். ஜெயராமும் பார்த்தார்.

மறுநாள் காலை மாமா ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். "போலீஸெல்லாம் வேண்டாம். பாவம், பொம்மனாட்டி. யாரோ சொல்லிக்குடுத்து இவ மாட்டிண்டிருப்பா. ஒத்துண்டு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கட்டும். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. பணம் போனா போறது, நான் அதோட விட்டுடறேன்."

பொன்மணி சுவரை ஒட்டி நின்றிருந்தாள். "நான் எடுக்கல சார்," என்றாள். பிறகு ஜெயராமைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க சார். பத்து வருசமா பாக்கறீங்க," என்றாள்.

ஜெயராம் மின்விசிறியைப் பார்த்தார்.

"எழுதலைன்னா நான் ஸ்டேஷனுக்குத்தான் போயாகணும். எனக்கு வேற வழி தெரியலை," என்றார் மாமா.

ஸ்டேஷன் என்றதும் அவள் முகம் மாறியது. "எங்க அண்ணன் அசோகன ஒரு தபா சந்தேகக் கேசுன்னு இட்டுனு போனாங்க. அவன் எடுக்கவே இல்ல. மூணா நாளு வுட்டாங்க. இன்னும் வலது கைய மேல தூக்க முடியாது அவனால," என்றாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துட்டா வுட்டுருவீங்கல்ல சார்?"

அவள் உள்ளறைக்குப் போய்த் தமிழ் டைப்ரைட்டரின் உறையை எடுத்தாள். தாளை நுழைத்து ஓரம் சரி செய்தாள். வலது மூலையில் தேதி, இடது பக்கம் பெறுநர். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறைப்படி தட்டினாள். சத்தம் சீராக வந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

கையெழுத்துப் போட்டு அவள் நீட்டிய தாளை ஜெயராம் வாங்கினார். 'திரு. கிருஷ்ணசாமி அவர்களின் கார்டு நம்பரை நான் தவறாகப் பயன்படுத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.' ஒரு எழுத்துப்பிழை இல்லை. கீழே 'சாட்சி' என்று தட்டி, ஜெயராம் பெயரையும் போட்டு, மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

மாமா பேனாவை நீட்டினார். ஜெயராம் வாங்கி மூடியைத் திறந்தார். கை நகரவில்லை. நான் பொய் சொல்லவில்லை, சும்மா இருந்தேன், அவ்வளவுதான் என்று ஒரு மாதமாகத் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தார். இப்போது பெயரெழுதிப் பொய் சொல்லவேண்டிய இடம் வந்துவிட்டது. பேனாவை மூடி மாமாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மாமா, இவ ஒண்ணும் பண்ணலை. பண்ணினது நான்."

தாளை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். இலவச புரோகிராம், பாஷா கண்டுபிடித்தது, அதில் ஒளிந்திருந்தது எல்லோர் நம்பரையும் எழுதி எழுதி அனுப்பியது, அவர் மூடி மறைத்தது.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒன்பதாம் தேதியே தெரியும்."

மாமா பில்லை எடுத்துத் தேதியைப் பார்த்தார். ஜெயராமை அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ சொல்லலை. நான் மட்டும் என்ன யோக்கியம்? பத்து தடவை நானே நம்பரை உரக்கப் படிச்சேன். ஆத்துக் கதவைத் திறந்து போட்டுட்டு, ஒத்தாசைக்கு வந்தவளைத் திருடின்னுட்டேன்," என்றவர் எழுந்து பொன்மணியின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சுடும்மா."

பொன்மணி மேஜைமேல் இருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்து, பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். குப்பைக்கூடையில்கூட அதைப் போட அவளுக்கு அந்த இடத்தில் நம்பிக்கை இல்லை.

அடுத்த மூன்று நாளும் ஜெயராம் சென்டரைப் பூட்டி வைத்தார். வருகிறவர்கள் பெயரும் விலாசமும் எழுதும் நோட்டை எடுத்துக்கொண்டு, மூன்றாம் நம்பரில் உட்கார்ந்த நாற்பத்தொரு பேர் வீட்டுக்கும் நடந்தார். கார்டை மாற்றச் சொன்னார், பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். கூடவே, பொன்மணி நிரபராதி என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். சிலர் திட்டினார்கள். ராயப்பேட்டையில் ஒருவர் கதவை முகத்தில் அறைந்தார். கணக்கில் பணம் குறைந்திருந்த இன்னும் இரண்டு வீடுகளும் இருந்தன. அங்கே ஜெயராம் தலைகுனிந்து நின்றார். மாமாவோடு பேங்குக்குப் போய் நடந்ததைக் கைப்பட எழுதியும் கொடுத்தார்.

நாலாம் நாள் சென்டரைத் திறந்தபோது, சுவரில் அவரே தட்டிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. அன்று பொன்மணி வந்தாள், விட்டுப்போன குடையையும் டிபன் டப்பாவையும் எடுக்க. அறிவிப்பின் முன்னால் நின்று படித்தாள். 'தெரியாதவர் இலவசமாக அனுப்பும் எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். கார்டு நம்பரையும் பாஸ்வேர்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள். எங்களிடமும் சொல்லாதீர்கள்.'

"ரெண்டு எடத்துல தப்பு கீது," என்றாள்.

"தெரியும். நீ வந்து திருத்தணும்னுதான். பொன்மணி, திரும்பி வந்துடும்மா."

"பாக்கலாம் சார்." குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு எழுதாம வுட்டுட்டீங்க. மிசின்ல பூந்தது நம்பரத்தான் திருடிச்சு. என்னத் திருடியாக்குனது அது இல்ல. தெரிஞ்சும் நீங்க வாய மூடிக்கினு இருந்தீங்க பாருங்க, அது. அதையும் போடுங்க."

அவள் படியிறங்கிப் போன பிறகு ஜெயராம் தாளைச் சுவரிலிருந்து எடுத்து மறுபடி டைப்ரைட்டரில் நுழைத்தார். பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, கடைசி வரியைத் தட்டினார்.

'தவறு நடந்தது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாம் மறைக்கிற தவறு, பதில் பேச முடியாத யாரோ ஒரு ஏழையின் தலையில்தான் போய் விழும்.'

அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.